மே 31: சென்னையின் ஒரு நாள் வெயில் கணக்கு



"அப்பப்பா! இந்த வருஷம் மாதிரி வெயிலை என் வாழ்நாள்ல பார்த்ததே இல்லை!"

இந்த வசனத்தைக் கேட்காத கோடை விடுமுறை உண்டா? பஸ் ஸ்டாப்பில் ஒருவர் சொல்வார். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியும் சொல்வார். போன வருஷமும் அதே பாட்டி, அதே விசிறி, அதே வசனம்!

அப்படியானால் வருஷா வருஷம் வெயில் கூடிக்கொண்டே போகிறதா? அல்லது போன வருஷ வெயிலை நாம் மறந்துவிடுகிறோமா? இதற்கு ஞாபகத்தை நம்பிப் பதில் சொல்ல முடியாது. ஏட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதற்காக ஒரே ஒரு ஊரையும் ஒரே ஒரு தேதியையும் எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஊர் சென்னை. தேதி மே 31.

1. அன்றைக்கு என்ன நடந்தது?

2003-ஆம் ஆண்டு மே 31, சனிக்கிழமை. சென்னை நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் பதிவான அதிகபட்ச வெப்பநிலை 45.0 டிகிரி செல்சியஸ். நுங்கம்பாக்கத்தின் ஏட்டிலேயே மிக உயர்ந்த எண் இதுதான். மே மாதத்தில் அங்கே வழக்கமாகப் பதிவாகும் அதிகபட்சம் 37, 38 டிகிரியை ஒட்டி இருக்கும். அன்றைக்கு அதைவிட ஏழு டிகிரி அளவுக்குக் கூடுதல்!

ஏழு டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். நமக்கு உடம்பு 37 டிகிரி. அது 40-க்குப் போனாலே வீட்டில் எல்லோரும் பதறிப் போவார்கள். வெறும் மூன்று டிகிரிக்கே அந்தப் பாடு.

இதை ஃபாரன்ஹீட்டில் போட்டுப் பார்ப்போம். 9-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்து, 32-ஐக் கூட்ட வேண்டும். 45 × 9 = 405. அதை 5-ஆல் வகுத்தால் 81. அதோடு 32 சேர்த்தால் 113.

டி.வி. செய்தியில் "சென்னையில் வெயில் சதம் அடித்தது" என்று சொல்வார்களே, அது இந்த ஃபாரன்ஹீட் கணக்கில்தான். 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் 37.8 டிகிரி செல்சியஸ். சென்னையில் மே மாதத்தில் சதம் அடிப்பது பெரிய அதிசயம் இல்லை. 113 தான் அதிசயம்.

2. கத்திரி முடிந்த பிறகு எப்படி?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனித்தீர்களா? கத்திரி வெயில் என்கிற அக்னி நட்சத்திரம் வழக்கமாக மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வாக்கில் முடிந்துவிடும். "கத்திரி முடிஞ்சிருச்சு, இனிமே பரவாயில்லை" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் சென்னையின் மிகப்பெரிய வெயில் அடித்தது அதற்குப் பிறகு!

இன்னொரு வேடிக்கை. சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் கடைசி வாரத்திலும், மறுபடி ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும்தான். மே 31 அன்று சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விட்டிருக்கும். அன்று நடுப்பகலில் கொடிக்கம்பத்தின் நிழலைப் பாருங்கள், தெற்குப் பக்கம் விழும்.

நேர் மேலே சூரியன் நிற்கும்போது வராத உச்ச வெயில், அது நகர்ந்த பிறகு ஏன் வருகிறது? இரண்டு காரணங்கள்.

முதல் காரணம் தரை. அடுப்பை மூட்டியவுடன் தோசைக்கல் காய்ந்துவிடுகிறதா? இல்லையே. அதுபோல மார்ச், ஏப்ரல், மே என்று நாள்கணக்கில் வாங்கிய சூட்டில் நிலம் காய்ந்து, ஈரம் வற்றிப்போகிறது. ஈரம் இருந்தால் சூட்டில் ஒரு பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். ஈரம் இல்லாவிட்டால் அந்தச் சூடு முழுவதும் தரையையும் காற்றையும் காய்ச்சும்.

இரண்டாவது காரணம் காற்று. இதுதான் முக்கியம். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வரத் தயாராக இருக்கும். ஜூன் 1 அங்கே பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி. அந்த நாட்களில் மேற்குக் காற்று பலமாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இறங்கும்போது காற்று சூடாகிறது. உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கினால் சுமார் 10 டிகிரி சூடு ஏறும். பிறகு காய்ந்த நிலத்தின் மேலேயே வெகுதூரம் வந்து சென்னையைத் தொடுகிறது. இரும்புப் பட்டறை துருத்தியிலிருந்து வருகிற மாதிரி!

ஆனால் சென்னைக்கு ஒரு காவல்காரர் உண்டு. அவர் பெயர் கடற்காற்று. பகலில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும் என்று ஏழாம் வகுப்பிலேயே படித்தோம் அல்லவா? அதனால் நண்பகல் வாக்கில் வங்காள விரிகுடாவிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். அது வந்ததும் ஏறிக்கொண்டிருந்த வெப்பநிலை அப்படியே நின்றுவிடும். மேற்குக் காற்று பலமாக இருக்கிற நாட்களில் அது கடற்காற்றை உள்ளே விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். கடற்காற்று பிற்பகலில்தான் வரும். சில நாள் வராமலே போகும். காவல்காரர் லேட்டாக வந்தால் வெயிலுக்குக் கொண்டாட்டம்.

சென்னையின் மிகச் சூடான நாட்கள் எல்லாம் இப்படிக் கடற்காற்று தாமதிக்கிற நாட்கள்தான். நுங்கம்பாக்கம் கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தூரம்தான். மீனம்பாக்கம் அதைவிட உள்ளே இருக்கிறது. ஒரே நாளில் இந்த இரண்டு இடங்களுக்கும் வேறு வேறு எண் செய்தியில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. யார் அளந்தார்கள்? எப்படி அளந்தார்கள்?

எங்கள் வகுப்பில் ஒருவன் லேப் வெப்பமானியைக் கொண்டுபோய் மைதானத்தில் வெயிலில் வைத்தான். பாதரசம் விறுவிறு என்று ஏறியது. "சார், செய்தியில் சொன்னதைவிட ரொம்ப அதிகம் காட்டுது! பொய் சொல்றாங்க!" என்றான். சார் சிரித்துக்கொண்டே, "நீ காற்றோட சூட்டை அளக்கலைடா, கண்ணாடிக் குழாய் வெயில்ல காயுற சூட்டை அளக்குறே" என்றார்.

வானிலை நிலையத்தில் வெப்பமானியை வெயிலில் வைப்பதில்லை. ஸ்டீவன்சன் பெட்டி என்ற மரப்பெட்டிக்குள் வைக்கிறார்கள். அதற்கு வெள்ளை பெயின்ட் அடித்திருப்பார்கள். பக்கங்களில் சன்னல் பலகை மாதிரி சாய்வான சட்டங்கள் இருக்கும். காற்று உள்ளே போகும், வெயில் போகாது. தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் நிற்கும். நம் நாட்டில் கதவு வடக்குப் பார்த்து இருக்கும்.

(உங்களுக்குத் தெரியுமா? இந்தப் பெட்டியை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற பொறியாளர். கலங்கரை விளக்கங்கள் கட்டியவர். 'புதையல் தீவு' கதை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் இவருடைய மகன்!)

உள்ளே இரண்டு முக்கியமான வெப்பமானிகள் உண்டு. அதிகபட்ச வெப்பமானியில் பாதரசம் இருக்கும். காய்ச்சல் பார்க்கும் பழைய வெப்பமானி போலவே குமிழுக்கு அருகில் ஒரு குறுகல் இருக்கும். ஏறின பாதரசம் தானாக இறங்காது. உச்சம் மதியம் ஒரு மணிக்கு வந்தாலும் சரி, மூன்று மணிக்கு வந்தாலும் சரி, மாலையில் வந்து பார்ப்பவருக்கு அந்த எண் அப்படியே காத்திருக்கும். குறைந்தபட்ச வெப்பமானியில் ஆல்கஹாலும் அதற்குள் ஒரு சின்னக் குறிமுள்ளும் இருக்கும். காலை 8.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் ஒருவர் போய்ப் பார்த்து ஏட்டில் எழுதுவார். இப்போது தானியங்கிக் கருவிகளும் வந்துவிட்டன.

நுங்கம்பாக்கத்தில் இந்த வேலை எப்போது தொடங்கியது தெரியுமா? 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஒரு வானாய்வுக்கூடம் கட்டியது. நட்சத்திரங்களைப் பார்க்கத்தான் கட்டினார்கள். ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் 1796-இல் வானிலையையும் குறித்து வைக்கத் தொடங்கினார். இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது 1875-இல்தான். அதற்கு ஏறக்குறைய எண்பது வருஷம் முன்பே நம் ஊரில் வானிலை ஏடு இருந்திருக்கிறது!

அந்தக் கூடத்தின் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் உள்பட பல மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களுக்கும் தெரியட்டும் என்பது அதன் கருத்து.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மிகப் பழைய எண்களை இன்றைய எண்களோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. ஸ்டீவன்சன் பெட்டியின் விவரம் 1864-இல்தான் வெளியானது. அதற்கு முன் சுவரில், தாழ்வாரத்தில் என்று ஆளுக்கு ஒரு மாதிரி வெப்பமானியைத் தொங்கவிட்டார்கள். அளக்கும் முறை மாறினால் எண்ணும் மாறும்.

4. எல்லா ரெக்கார்டையும் நம்பலாமா?

நம்பலாம், சரிபார்த்த பிறகு! இதற்கு வெளியிலிருந்து இரண்டு உதாரணங்கள்.

1922 செப்டம்பர் 13 அன்று லிபியா நாட்டின் எல் அசீசியா என்ற ஊரில் 58 டிகிரி பதிவானதாக எழுதினார்கள். தொண்ணூறு வருஷம் அதுதான் உலக ரெக்கார்டு. 2012-இல் உலக வானிலை அமைப்பு அந்த எண்ணை ரத்து செய்துவிட்டது. அங்கே இருந்தது, நாம் பாடத்தில் படிக்கிற சிக்ஸ் வெப்பமானி வகை. அனுபவம் இல்லாத ஒருவர் அதைத் தவறாகப் படித்து, சுமார் ஏழு டிகிரி கூட்டி எழுதியிருக்கலாம் என்று ஆய்வுக் குழு முடிவு செய்தது. ஆகவே, குறிமுள்ளின் எந்த முனையைப் பார்க்க வேண்டும் என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். மார்க் மட்டும் அல்ல, உலக ரெக்கார்டே போய்விடும்!

இரண்டாவது, 2024 மே 29. டெல்லியில் முங்கேஷ்பூர் என்ற இடத்துத் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியது. நாடே பரபரப்பானது. சோதித்துப் பார்த்தபோது அந்தக் கருவி 3 டிகிரி அதிகமாகக் காட்டுகிறது என்று வானிலைத் துறை அறிவித்தது. கருவியும் தப்பு செய்யும், ஆளும் தப்பு செய்வார். அதனால்தான் பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

5. சீட்டுக் குலுக்கிப் பார்ப்போம்

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், பின்னம் தெரிந்தால் போதும்.

1 முதல் 10 வரை பத்துச் சீட்டு எழுதிக் குலுக்குங்கள். ஒவ்வொன்றாக எடுங்கள். முதல் சீட்டு எப்போதும் ரெக்கார்டுதான். பிறகு, அதுவரை வந்த எல்லாவற்றையும்விடப் பெரிய எண் வந்தால் மட்டும் "ரெக்கார்டு!" என்று கத்துங்கள். பலமுறை ஆடி சராசரி பார்த்தால் ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய மூன்று முறை கத்தியிருப்பீர்கள்.

ஏன்? இரண்டாவது சீட்டு முதலாவதைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்பு 1/2. மூன்றாவது சீட்டு முதல் மூன்றில் பெரியதாக இருக்க வாய்ப்பு 1/3. இப்படியே பத்தாவதுக்கு 1/10. இவற்றையெல்லாம் கூட்டினால், 1 + 1/2 + 1/3 + ... + 1/10 = சுமார் 2.93.

நூறு சீட்டு என்றால்? முப்பது வருமா? இல்லை! கூட்டிப் பாருங்கள், சுமார் 5.19 தான். போகப் போக ரெக்கார்டு உடைவது அவ்வளவு கஷ்டம்.

இப்போது சீட்டுக்குப் பதில் வருஷத்தை வையுங்கள். ஓர் ஊரில் மே 31-க்கு 99 வருஷ வெப்பநிலை எழுதி வைத்திருக்கிறார்கள். தட்பவெப்பம் மாறாமல் இருந்தால், நூறாவது வருஷம் அந்தத் தேதியின் ரெக்கார்டு உடைய வாய்ப்பு நூற்றில் ஒன்று. ஆனால் வருஷத்துக்கு 365 தேதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு தேதிக்கும் நூற்றில் ஒன்று என்றால், சராசரியாக அந்த ஒரே வருஷத்தில் மூன்று நான்கு தேதிகளில் வெயில் ரெக்கார்டு உடையும். குளிர் ரெக்கார்டும் அதே அளவு உடையும்.

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர், தோழர்களே! "இன்று வெயில் ரெக்கார்டு உடைந்தது" என்ற ஒரு செய்தியை மட்டும் வைத்து உலகம் சூடாகிறது என்று சொல்ல முடியாது. "இந்த வருஷம் ரெக்கார்டே உடையவில்லை, எல்லாம் புரளி" என்றும் சொல்ல முடியாது. எண்ணிப் பார்க்க வேண்டும். உயர்ந்த ரெக்கார்டுகள் எத்தனை, தாழ்ந்த ரெக்கார்டுகள் எத்தனை? இரண்டும் சமமாக உடைந்தால் தற்செயல். வெயில் ரெக்கார்டுகள் மட்டும் அடிக்கடி உடைந்து, குளிர் ரெக்கார்டுகள் அசையாமல் கிடந்தால் ஏதோ மாறுகிறது என்று அர்த்தம்.

நுங்கம்பாக்கத்தையே பாருங்கள். அதன் மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. அது பதிவானது 1895 டிசம்பர் 11-இலும் 1905 ஜனவரி 29-இலும். நூறு வருஷத்துக்கு மேல் அசையாமல் இருக்கிறது. மிக உயர்ந்தது 2003-இல். உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்! அந்தக் கால நுங்கம்பாக்கத்தில் தோப்பும் ஏரியும் இருந்தன. இப்போது கட்டடமும் தாரும். கான்கிரீட் பகலில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி மெதுவாக விடும். அதனால் நகரத்து இரவு முன்போலக் குளிராது. ஊர் மாறியதா, உலகம் மாறியதா என்று ஒரு நிலையத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

அதற்காகத்தான் உலகம் முழுவதும் கடல், கிராமம், மலை எல்லாவற்றிலும் ஆயிரக்கணக்கான இடங்களின் ஏடுகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கின் தீர்ப்பு தெளிவாக இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு உலகச் சராசரி வெப்பநிலை, 1850 முதல் 1900 வரையிலான சராசரியைவிட சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. இந்தியாவிலும் 1901 முதல் உள்ள ஏட்டில் அதிக வெப்பமான ஆண்டு 2024 தான். ஆக, நம் பாட்டி வருஷா வருஷம் சொன்னதில் கொஞ்சம் மறதியும் உண்டு, கொஞ்சம் உண்மையும் உண்டு!

6. இதனால் நமக்கு என்ன?

2023-இல் கோடை விடுமுறை முடிந்து ஜூன் 1-ஆம் தேதி திறக்க வேண்டிய பள்ளிகள் வெயிலால் ஜூன் 12-க்குத் தள்ளிப்போயின. சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14. நமக்கெல்லாம் ஒரே குஷி. ஆனால் லீவு கிடைக்காதவர்களை நினைத்துப் பாருங்கள். ரோடு போடுகிறவர்கள், சாரத்தில் நிற்கும் கொத்தனார், சித்தாள், தள்ளுவண்டிக்காரர், வெயிலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர். 2003-இல் அதே கோடையில் பக்கத்து ஆந்திராவில் வெப்ப அலைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள்.

வானிலைத் துறையின் விதிப்படி, கடற்கரை ஊரில் அதிகபட்சம் 37 டிகிரியாவது இருந்து, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை. எந்த ஊராக இருந்தாலும் 45-ஐத் தொட்டாலே வெப்ப அலைதான். "வழக்கத்தைவிட" என்ற சொல்லைக் கவனியுங்கள். பல வருஷ ஏடு இல்லாவிட்டால் வழக்கம் எது என்று யாருக்குத் தெரியும்? தினமும் ஒருவர் போய்ப் பார்த்து எழுதிய அந்த எண்தான் எச்சரிக்கை மணியாக மாறி ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது.

சென்னையில் இன்னொரு கஷ்டம், புழுக்கம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் வியர்வை வழியுமே தவிரக் காயாது. அதனால் 38 டிகிரியிலும் உடம்பு தவித்துப்போகும்.

யாராவது வெயிலில் மயங்கினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்துப் பேச்சு குழறினாலோ, உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 108-க்கு போன் செய்யுங்கள்.

7. செய்து பாருங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். பள்ளித் தாழ்வாரத்தில் வெயில் படாத, காற்று வரும் ஓர் இடத்தில், நாலடி உயரத்தில் வெப்பமானி. தினமும் ஒரே இடம், ஒரே நேரம். தேதி, எண், காற்று வரும் திசை மூன்றையும் எழுதுங்கள். மதியம் காற்று கிழக்கே திரும்பிய நாளில் எண் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் அந்த இடத்தை வெற்றாக விடுங்கள். குத்துமதிப்பாக நிரப்பாதீர்கள்! வெற்றிடம் தப்பில்லை, பொய் எண் தப்பு.

நாம் பத்தாவது முடித்துப் போனதும் நோட்டை ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுத்துவிடலாம். அவர்கள் அடுத்தவர்களுக்குக் கொடுக்கட்டும்.

கேள்வி நேரம் (விடையை அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்)

1. 104 டிகிரி ஃபாரன்ஹீட் எத்தனை செல்சியஸ்?
2. மே 31 நடுப்பகலில் சென்னையில் நிழல் எந்தத் திசையில் விழும்?
3. ஸ்டீவன்சன் பெட்டிக்கு ஏன் வெள்ளை பெயின்ட்? கதவு ஏன் வடக்கே?
4. ஐந்து சீட்டுகளில் சராசரியாக எத்தனை ரெக்கார்டு வரும்?

அடுத்த முறை யாராவது "இப்படி ஒரு வெயிலைப் பார்த்ததே இல்லை" என்று சொன்னால் சிரிக்க வேண்டாம். முதலில் ஒரு சொம்பு மோர் கொடுங்கள். அப்புறம் நோட்டைத் திறந்து, போன வருஷம் இதே தேதியில் என்ன எண் என்று பாருங்கள்.



பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு